தரவில் இல்லாத ஆறு

இமுசாலி ஆரம்பப் பள்ளிக்குப் போன வருடம் மஞ்சள் தரம் கிடைத்ததற்கு ஒரு டைதான் காரணம்.

டை கட்டியிருந்தவன் ஓட்டுநர் ஒடுவோர். அன்று காலையில் ஒரு சாவுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்திருந்தான். ஆறடி உயரம், கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. அவனுக்குப் பின்னால் வண்டியிலிருந்து இறங்கியவர் தொப்பி போட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த ஒரு குட்டையான மனிதர். அவர்தான் பள்ளித் தர மதிப்பீட்டு அலுவலகத்தின் தலைமை மதிப்பீட்டாளர் ஹெஸ்போன் அம்பேட்சா. பள்ளிக் கமிட்டித் தலைவர் ஷிட்டேமிக்கு எழுபது வயது, ஒரு கண்ணில் புரை. மதியச் சாப்பாட்டில் கோழியின் இரைப்பையை யார் தட்டில் வைப்பது என்று அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு டை கட்டியிருந்தவன் தட்டில் வைத்துவிட்டார்.

வேறு சீமையாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. மேற்குக் கென்யாவில் அது விஷயம். கோழிக்கு இரண்டு கால், இரண்டு இறக்கை. இரைப்பை மட்டும் ஒன்றே ஒன்று. இமோண்டோ என்பார்கள். வீட்டில் அது ஆண் தலைவனுக்கு, விருந்து என்றால் வந்தவர்களில் பெரியவருக்கு. பெண்கள் அதைத் தொடுவதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

ஓட்டுநர் தன்னுடைய இமோண்டோவை நிதானமாக மென்று விழுங்குவதை அம்பேட்சா பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. இருநூற்றுப் பதினான்கு அளவுகோல்களில் நூற்றுப் பதினேழாவது: ‘தலைமையை அடையாளம் காணும் திறன் – மிகக் குறைவு.’

தலைமையாசிரியை பெரிஸ் முசிம்பி அது தன்னைப் பற்றியது என்று நினைத்துவிட்டாள். இருபத்தாறு வருடம் சுண்ணக்கட்டி பிடித்த கை. பாவம், அந்த வருடம் முழுக்கத் தலைமையை வளர்த்தாள். கதவில் பெயர்ப்பலகை மாட்டினாள், காலையில் கொடி ஏற்றும்போது தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள், கணக்கு வகுப்பில்கூட மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். டிசம்பர் மாதம் ஷிட்டேமி தலையைச் சொறிந்துகொண்டு வந்து உண்மையைச் சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது.

“ஒரு இரைப்பைக்காகவா?” என்றாள்.

“டை கட்டியிருந்தான், முவாலிமு,” என்றார் அவர், ஊரில் டீச்சரை அழைக்கிற வழக்கப்படி. “டை கட்டினவன் டிரைவர்னு எந்தக் குருடனுக்குத் தெரியும்?”

பிப்ரவரியில் அடுத்த கடிதம் வந்தது. மார்ச் முதல் வாரத்தில் மறு மதிப்பீடு. ஐம்பது மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு என்றால் பள்ளியை மூடிவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளையும் ‘1.2 கிலோமீட்டர் தொலைவில் உள்ள’ புகாங்கா பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பெரிஸ் அந்த வரியைப் படித்துவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு அதையே மறுபடி படித்தாள்.

காக்கைக்கு 1.2 கிலோமீட்டர் சரிதான். நடுவில் லுசாலா ஆறு ஓடுகிறது. அதற்குப் பாலம் என்று இருப்பது ஒரே ஒரு தைல மரத்துண்டு. ஏப்ரல் மழை தொடங்கினால் ஜூன் வரை மரத்துக்கு மேலேதான் தண்ணீர். வண்டிச் சாலையில் சுற்றிப் போனால் பதினான்கு கிலோமீட்டர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போய்ச் சேரும்போது சாயங்கால மணி அடித்துவிடும். பெரிஸின் தம்பி லேவி பன்னிரண்டு வயதில் அந்த மரத்திலிருந்துதான் வழுக்கிப் போனான். மூன்று நாள் கழித்துக் கீழ்க்கரையில் கிடைத்தான். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

ஆற்றைப் பற்றி அலுவலகத்துக்கு மட்டும் மூன்று முறை எழுதினாள். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்தது: ‘படிவத்தில் ஆறு என்ற கட்டம் இல்லை. பொருத்தமான வேறு கட்டத்தில் நிரப்பவும்.’ அவளும் தேடித் தேடி, ‘பிற நீர் வசதிகள்’ என்ற கட்டத்தில் ஆறு என்று நிரப்பி அனுப்பினாள். உடனே மதிப்பெண் வந்தது. நீர் வசதி: மிகச் சிறப்பு.

பிப்ரவரிக் கடிதத்தோடு எண்பத்தாறு பக்க வழிகாட்டிக் கையேடு ஒன்றும் வந்திருந்தது. பெரிஸ் ஆசிரியை அல்லவா, கையில் கொடுத்த புத்தகத்தை முழுக்கப் படித்தாள், அடிக்கோடு போட்டு. அதை முழுக்கப் படித்தவர் உலகத்தில் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன், எழுதியவரையும் சேர்த்து.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் ஷிட்டேமி, பெரிஸ், சமையல்காரி டோரிக்கா மூன்று பேர். பேச வேண்டிய பொருளும் ஒன்றே.

“வர்றது மூணு பேர்,” என்றார் ஷிட்டேமி. “அம்பேட்சா, டேப் வச்சிருக்கிற நைரோபிக்காரப் பையன் ஒருத்தன், அப்புறம் அந்த டை. மூணு கோழி அறுத்தா ஆளுக்கு ஒரு இமோண்டோ. வம்பே இல்லை.”

“வம்பு அங்கதான் இருக்கு, பெரியவரே,” என்றாள் டோரிக்கா. “டிரைவருக்கும் ஒண்ணு, பெரிய துரைக்கும் ஒண்ணுன்னா அப்புறம் துரைக்கு என்ன மரியாதை? போன வருஷம் பட்டது பத்தாதா?”

இருபது நிமிட விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது. நான்கு கோழி. துரைக்கு இரண்டு.

கோழிக்கு எங்கே போவது? ஊரில் அந்த மாதம் கோழி நோய் வந்து கூண்டெல்லாம் காலி. பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வேளாண்மைப் பாடத்துக்கு வளர்த்த ஏழு கோழிகள்தான் மிச்சம். பதிவேடு பராமரிக்கும் மாணவி டெலிலா, கோழிகளுக்குப் பெயர் வேண்டும் என்று டீச்சர் சொன்னதும், தனக்குத் தெரிந்த பெயர்களை வைத்திருந்தாள்: கணக்கு, அறிவியல், இங்கிலீஷ், சுவாஹிலி, சமயம், ஓவியம், விளையாட்டு.

“எதை அறுக்கறது?” என்று டோரிக்கா கேட்டாள்.

“கொழுத்ததை,” என்றார் ஷிட்டேமி.

அந்தப் பள்ளியில் கொழுத்திருந்தது கணக்குதான்.

மறுநாள் எட்டு மணிக்கு வெள்ளை வண்டி வந்து நின்றது. இந்த முறை அம்பேட்சா தொப்பியோடு டையும் கட்டியிருந்தார். போதாததற்கு ஒடுவோரை டை கட்டக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவு போட்டிருந்தார். டேப் என்கிற கைக்கணினியை வைத்திருந்தவன் பெயர் முரியுகி. வெள்ளை ஷூ போட்டிருந்தான், அதில் மண் படாமல் இருக்கப் புல் உள்ள இடமாகப் பார்த்துத் தத்தித் தத்தி நடந்தான்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அம்பேட்சா கொடிக்கம்ப மேடையில் ஏறினார்.

“பிள்ளைகளே! எங்க அலுவலகத்தோட கொள்கை என்ன தெரியுமா? கல்வியின் நடுவில் குழந்தை. குழந்தையைச் சுத்தி ஆசிரியர். ஆசிரியரைச் சுத்தி மதிப்பீட்டாளர். மதிப்பீட்டாளரைச் சுத்தி மேல்மதிப்பீட்டாளர். இப்படி எத்தனை பேர் சுத்தி நிக்கிறோம்! வெளியில இருந்து பார்த்தா குழந்தையே தெரியாது, அவ்வளவு பாதுகாப்பு!”

பிள்ளைகள் கைதட்டினார்கள். மணி எட்டரை, காலைக் கஞ்சி இன்னும் வரவில்லை.

“நான் இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு பள்ளிக்கூடம் பார்த்திருக்கேன். ஒரு வகுப்புக்குள்ளயும் கால் வச்சதில்லை. ஏன்? உள்ள போனா மனசு இளகிடும். கண்ணு ஏமாத்தும், மனசு ஏமாத்தும். டேப் ஏமாத்தாது. ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க: தரவுல இல்லாதது உலகத்துல இல்லை!”

அதன்பின் எண்ணிக்கை தொடங்கியது. எட்டு வகுப்புக்கு ஐந்து அறை. மூன்றாம் வகுப்பு வெண்ணெய்ப்பழ மரத்தடியில் நடந்தது. முரியுகி மரத்தைச் சுற்றி வந்தான்.

“கூரை எந்த வகைன்னு கேக்குது, சார். தகரம், ஓடு, புல், பிற.”

“பிற. சுவர்?”

“சுவர் இல்லை சார்.”

“இல்லைன்னா காத்தோட்டம் நூத்துக்கு நூறு. போடு.”

மூன்றாம் வகுப்பு அந்தக் கட்டத்தில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றது. அந்த நேரம் ஒரு பழம் விழுந்து முரியுகியின் ஷூவில் தெறித்தது. அதற்குக் கட்டம் இல்லாததால் பதிவாகவில்லை.

கழிப்பறையில் ஒரு சிக்கல் வந்தது. பள்ளியில் நான்கு இருந்தன. அதில் நல்லதை, துரைமார் வருகிறார்களே என்று டோரிக்கா இரண்டு நாளாகப் பூட்டி வைத்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். பூட்டியிருப்பதால் அது ‘பயன்பாட்டில் இல்லை’ என்று பதிவானது. பதிவு முடிந்த கையோடு அம்பேட்சா சாவி வாங்கிப் பயன்படுத்தினார். பெரிஸ் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாள்.

“பதிவு முடிஞ்சுபோச்சு, மேடம்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பத்து மணிக்கு வாசிப்புச் சோதனை. டேப் குலுக்கிப் போட்டு ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தது: ஐந்தாம் வகுப்பு டெலிலா. வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள் என்பதால் பெரிஸுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. டேப்பில் ஒரு பத்தி வந்தது. ஒரு நிமிடம். முரியுகி பொத்தானை அழுத்தினான். ‘எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானதால் அம்மா என்னைக் கையைப் பிடித்து ஏழாவது மாடிக்கு’ என்று பதினோரு வார்த்தை மழை மாதிரி கொட்டிய டெலிலா சட்டென்று நின்றாள்.

“சார், லிஃப்ட்னா என்ன?”

அம்பேட்சா வானத்தைப் பார்த்தார். முரியுகி கடிகாரத்தைப் பார்த்தான்.

“லிஃப்ட் இல்லாம ஏழாவது மாடிக்கு எப்படி சார் போவாங்க? மரத்துல ஏறுற மாதிரியா?”

நிமிடம் முடிந்தது.

“சொல்லுங்க சார் அவளுக்கு,” என்றாள் பெரிஸ். “நல்ல கேள்விதானே கேட்டா?”

“மேடம், இது வாசிப்புச் சோதனை. கேள்வி கேட்டா பூஜ்யம்.”

“பதினோரு வார்த்தை படிச்சாளே!”

“படிச்சா. அப்புறம் யோசிச்சா. யோசிக்கிறதுக்கு நேரம் ஒதுக்கலையே.”

டெலிலா குனிந்த தலை நிமிராமல் போனாள். பெரிஸ் அவள் போன திசையையே பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டதற்காகத் தலை குனிந்து போய் அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று கெட்டியானது. அடுப்பில் உகாலி கிண்டும்போது சோளமாவு திடீரென்று இறுகிக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளுமே, அப்படி. அதுவரை அவளுக்குக் குழப்பம்தான் இருந்தது. இப்போது கோபம் வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு முரியுகி கோழிகளை எண்ணினான். ஏழு. ‘கற்றல் வளங்கள்: உயிருள்ளவை’ என்ற கட்டத்தில் ஏறியது. “அருமை!” என்று அம்பேட்சா பாராட்டினார். “இந்தக் கோழிங்கதான் உங்க பள்ளியைத் தூக்கி நிறுத்துது, மேடம். மொத்தம் ஐம்பது புள்ளி ரெண்டு. மஞ்சள் உறுதி!” பாராட்டிவிட்டு, மதியத்துக்கு என்ன என்று கேட்டார். டோரிக்கா கத்தியோடு கோழிக்கூண்டுப் பக்கம் போனாள்.

சாப்பாடு ஷிட்டேமியின் திட்டப்படி பழுதில்லாமல் நடந்தது. உகாலி, கீரை, கோழிக் குழம்பு. ஓட்டுநர் தட்டில் ஒன்று, முரியுகி தட்டில் ஒன்று, அம்பேட்சா தட்டில் இரண்டு. ஷிட்டேமி இந்த முறை மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். அம்பேட்சா முகம் மலர்ந்தது. அறிவியலின் இரைப்பையை முதலில் சாப்பிட்டார். கணக்கின் இரைப்பை, பெரியது, அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். நல்லதைக் கடைசியில் சாப்பிடுவது அவர் வழக்கம்.

“சார்,” என்றான் முரியுகி விரலை நக்கிக்கொண்டே. “ரெண்டு மணிக்குச் சரிபார்ப்பு எண்ணிக்கை இருக்கு.”

“எண்ணிட்டு வா.”

போனான், வந்தான்.

“சார், கோழி மூணுதான் இருக்கு. சுவாஹிலி, ஓவியம், விளையாட்டு. கணக்கு, அறிவியல், இங்கிலீஷ், சமயம் நாலையும் காணோம்.”

எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். நாலும் எலும்பாகக் கிடந்தன.

அம்பேட்சா கைகழுவிவிட்டு வந்து டேப்பை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“மேடம், நான் என்ன செய்யட்டும்? காலையில ஏழு, மதியம் மூணு. ‘வளங்களைப் பாதுகாப்பதில் அலட்சியம்.’ ஐம்பது புள்ளி ரெண்டு இப்போ நாப்பத்தொம்பது புள்ளி ஆறு ஆயிடுச்சு. சிவப்பு.”

“சார், அது உங்க வயித்துலதானே இருக்கு!” என்றார் ஷிட்டேமி.

“வயித்துக்குக் கட்டம் இல்லை, பெரியவரே.”

“புகாங்காவுக்கு எங்க பிள்ளைங்க எப்படி சார் போவாங்க?” என்று பெரிஸ் கேட்டாள். “நடுவுல ஆறு.”

“எந்த ஆறு?” என்று அம்பேட்சா டேப்பைப் புரட்டினார். “ஒண்ணு புள்ளி ரெண்டு கிலோமீட்டர், நடை பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. ஆறுன்னு எதுவும் இல்லையே. நான் காலையில என்ன சொன்னேன்? தரவுல இல்லாதது உலகத்துல இல்லை. முரியுகி, அனுப்பு. அஞ்சு மணிக்குள்ள போகணும். இந்த மாசம் அதிகப் பள்ளியை முடிச்ச ஆள்னு என் பேர்தான் முதல்ல வரணும்.”

“சார், அனுப்புற பச்சைப் பொத்தான் வரமாட்டேங்குது.”

“ஏன்?”

முரியுகி உதட்டைப் பிதுக்கினான். பெரிஸ் அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்தாள். அவளுக்குப் பக்கம் மனப்பாடம்.

“அறுபத்தோராம் பக்கம், சார். பள்ளியை இணைக்கப் பரிந்துரை பண்ணா, தலைமை மதிப்பீட்டாளர் தானே டேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, இந்தக் கேட்டுல இருந்து அந்தக் கேட்டு வரைக்கும், பிள்ளைங்க போற பாதையில நடக்கணும். நடந்தாத்தான் பொத்தான் வரும்.”

அம்பேட்சா வாங்கிப் படித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று பெரிஸுக்கு அந்த ஏடு நன்றாகவே உதவியது.

“வண்டியில போனா?”

“நடை வேகம் இல்லைன்னா ஏத்துக்காது சார்,” என்றான் முரியுகி.

“பதினஞ்சு நிமிஷம்தானே சார்,” என்றாள் பெரிஸ் பணிவாக. “தரவு சொல்லுதே.”

அம்பேட்சா எழுந்தார். கணக்கின் இரைப்பை இருந்த தட்டை ஒரு மூடியால் மூடினார். “இதை யாரும் தொடக் கூடாது. வந்து சாப்பிடுறேன்,” என்று டோரிக்காவிடம் சொன்னார்.

ஐந்தாம் வகுப்புக்கு அன்று பிற்பகல் ‘சுற்றுச்சூழல் அறிதல்’ பாடம். எனவே பெரிஸ் வகுப்பையும் கூட்டிக்கொண்டாள். அம்பேட்சா முன்னால் நடந்தார், கையில் டேப், காலில் பளபளக்கும் தோல் ஷூ; முரியுகியும் ஒடுவோரும் பின்னால் வந்தார்கள். சோளக்காட்டைத் தாண்டி இறங்கியதும் லுசாலா வந்தது. மழைக்கு முந்தின மாதம் என்பதால் ஆறு தாழ்ந்துதான் ஓடியது, பழுப்பாக, அவசரமில்லாமல். மேலே தைல மரம், பட்டை உரிந்து, சாமியார் மொட்டைபோல வழவழவென்று.

“இது என்ன?” என்றார் அம்பேட்சா.

“ஒண்ணுமில்லை சார்,” என்றாள் பெரிஸ். “தரவுல இல்லை. வாங்க.”

செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே மூச்சில் அக்கரைக்குப் போய்விட்டாள். கீழே பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அவள் அந்த மரத்தில் நடக்கும்போது கீழே பார்த்ததில்லை.

அம்பேட்சா முரியுகியைப் பார்த்தார். முரியுகி வெள்ளை ஷூவைப் பார்த்தான். “டேப் தலைமை மதிப்பீட்டாளர் கையிலதான் இருக்கணும் சார். கையேடு,” என்றான்.

அம்பேட்சா மரத்தில் கால் வைத்தார்.

“ஒண்ணு,” என்றாள் டெலிலா.

அவள் சொன்னதும் வகுப்பே சேர்ந்துகொண்டது. “ரெண்டு! மூணு!” முரியுகி பழக்கதோஷத்தில் கடிகாரத்தை அழுத்திவிட்டான். நாலு, அஞ்சு, ஆறு. ஆறாவது அடியில் அம்பேட்சா பாம்பைக் கண்டவர்போல நின்றார். பிறகு பக்கவாட்டில் நகர்ந்தார். “பத்து! பதினொண்ணு!”

ஆனைக்கும் அடி சறுக்கும், தோல் ஷூ போட்ட ஆனைக்கு இன்னும் சீக்கிரம் சறுக்கும். தண்ணீர் எழும்பி இரண்டு கரையிலும் விழுந்தது. டேப் ஒரு முறை மின்னியது, நாற்பத்தொன்பது புள்ளி ஆறோடு, இருநூற்றுப் பதினான்கு அளவுகோல்களோடு, கீழே போனது.

அம்பேட்சா எழுந்து நின்றார். மார்பளவுத் தண்ணீர். சேற்றில் கால் புதைந்திருந்தது. தொப்பி தனியாகப் புகாங்கா திசையில் போய்க்கொண்டிருந்தது.

“மேடம்! கயிறு இருக்கா?”

பெரிஸ் கரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு நீளமான மூங்கில் கழி கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேள்வி கேட்டா பூஜ்யம், சார்.”

எதிர்க்கரையில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒடுவோர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். மெதுவாகக் கழற்றினான், ஒவ்வொரு பொத்தானாக.

“எவ்வளவு ஆழம் சார்? பதிவு பண்ணணும்.”

“மார்பு வரைக்கும்! கழியை நீட்டுங்க!”

“எந்தக் கட்டத்துல எழுதட்டும்? பிற நீர் வசதிகள்ல எழுதவா?”

“என்ன விளையாட்டு இது? காலு புதையுது!”

“அது என்னன்னு சொல்லுங்க சார், நீட்டுறேன். நீங்க எதுல நிக்கிறீங்க?”

அம்பேட்சா சுற்றும் முற்றும் பார்த்தார். உதவிக்கு ஒரு மேல்மதிப்பீட்டாளரும் இல்லை.

“ஆறு,” என்றார்.

“பிள்ளைங்களுக்குக் கேக்கலை.”

“ஆறு! ஆறு! இது ஆறு!”

“ஆறு!” என்று ஐந்தாம் வகுப்பு பாடம் படிக்கிற ராகத்தில் திருப்பிச் சொன்னது.

அப்போது பெரிஸ் கீழே பார்த்தாள். அந்தத் தண்ணீரை, அந்த இடத்தை. “என் தம்பி இதே இடத்துலதான் சார் விழுந்தான்,” என்றாள், சிரிப்பில்லாமல். “அது மே மாசம். உங்களுக்கு மார்பு வரைக்கும்தான். அவன் கேட்டப்போ கழி நீட்ட ஆள் இல்லை.” சொல்லிவிட்டுக் கழியை நீட்டினாள். நீட்டக் கூடாது என்று ஒரு மனசு சொல்லத்தான் செய்தது. அவள் ஆசிரியை, அதனால் நீட்டினாள்.

பள்ளிக்குத் திரும்பியபோது அம்பேட்சாவின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. டோரிக்கா தான் இடுப்பில் சுற்றும் மாற்றுக் கங்காத் துணியை எடுத்து வந்தாள். மஞ்சளில் சிவப்புப் பூ, கீழே அச்சடித்த பழமொழி: ‘பொறுத்தவருக்கே பழுத்த பழம்.’ அம்பேட்சா அதற்குக் கை நீட்டினார். பெரிஸ் துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பார்வையாளர் புத்தகத்தை அவர் முன்னால் விரித்தாள்.

“முதல்ல இதுல எழுதுங்க சார். வந்தவங்க எழுதாமப் போனா எங்களுக்கு நூத்தி நாலாவது அளவுகோல்ல குறைச்சிடுவீங்க.”

“என்ன எழுத?”

“பார்த்ததை.”

அவர் எழுதினார். கை நடுங்கியதால் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது போல இருந்தது: ‘இமுசாலிக்கும் புகாங்காவுக்கும் நடுவே ஆறு உள்ளது. நான் அதில் விழுந்தேன். பிள்ளைகள் இதைக் கடக்க முடியாது.’ கையெழுத்து, தேதி, பதவி. பெரிஸ் அலுவலக முத்திரையை அவரிடமே வாங்கிக் குத்தினாள்.

“சார், இன்னிக்கு எடுத்தது எதுவும் இன்னும் போகலை,” என்று முரியுகி மெல்லச் சொன்னான். “டேப்போட போச்சு. மறுபடி எண்ணலாம்னா தேதி இன்னையோட முடியுது.”

“எழுபத்தொம்பதாம் பக்கம்,” என்றாள் பெரிஸ். “தரவு வரலைன்னா போன வருஷத் தரமே நிக்கும். மஞ்சள். தரவுல இல்லாதது உலகத்துல இல்லையே சார். அப்போ நீங்க இன்னிக்கு இங்க வரவே இல்லை.”

துணியைக் கொடுத்தாள். தலைமை மதிப்பீட்டாளர் சிவப்புப் பூவுக்குள் சுருண்டு உட்கார்ந்தார். பழமொழி அவர் முதுகில் தெளிவாகப் படிக்கிற மாதிரி விழுந்திருந்தது. வெகுநேரம் கழித்து, தோற்றவர்களுக்கும் மிஞ்சும் ஒரு சின்ன நம்பிக்கையோடு மேசையைப் பார்த்தார்.

“அந்தத் தட்டு… மூடி வச்சேனே. ஒண்ணு இருந்துச்சே?”

டோரிக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பெரிஸ் மூடியைத் திறந்தாள். கணக்கின் இரைப்பை குழம்பில் ஊறிப் பளபளவென்று இருந்தது. அம்பேட்சா கை நீட்டுவதற்குள் அவள் அதை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஷிட்டேமி “முவாலிமு!” என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முரியுகி வாயைப் பிளந்தான். ஓட்டுநர் ஒடுவோர் மட்டும், இந்த ருசி தெரிந்தவன் என்ற முறையில், தலையை ஆட்டினான். அறை முழுக்க அவள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. வானம் இடியவில்லை, கூரைத் தகரம் பறக்கவில்லை. அம்பேட்சா ஒவ்வொரு மெல்லலுக்கும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், போன வருடம் பார்த்த மாதிரியே.

“எப்படி இருக்கு?” என்று டோரிக்கா கிசுகிசுத்தாள்.

“ரப்பர் மாதிரி இருக்குடி. உப்பும் கம்மி,” என்றாள் பெரிஸ். “இதுக்கா இவனுங்க இத்தனை வருஷம் இந்த ஆட்டம் ஆடினானுங்க?”

கையைக் கழுவினாள். டெலிலாவின் கோழிப் பதிவேட்டை எடுத்து, கணக்கு என்ற பெயருக்கு எதிரே ‘தீர்ந்தது’ என்று எழுதி மூடினாள்.